புயலுக்கு முன்னே பெற வேண்டிய லினக்ஸ்



வீராம்பட்டினத்துத் தகவல் மையத்தை மூத்த உறுப்பினர்கள் அறிவார்கள். 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாகக் கொண்டு தொடங்கிய திட்டத்தில், கம்பியில்லாக் கருவிகள் வழியாகவும் ஊர்களுக்குச் செய்தி சென்றது. கடலலையின் உயரம் இவ்வூரில் ஒலிபெருக்கி மூலம் மீனவர்க்கு அறிவிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோது அந்த ஒலிபெருக்கியே மக்களை எச்சரிக்கவும் உதவிற்று.

இன்று எல்லோர் கையிலும் கைபேசி உண்டு. ஆயினும் 2011-இல் ‘தானே’ புயலும் 2024-இல் ‘ஃபெஞ்சல்’ புயலும் தாக்கியபோது மின்சாரம் அற்று நாம் பட்ட பாடு மறக்கற்பாலதன்று. அத்தகைய வேளையில், மின்கலத்தால் இயங்கும் அமெச்சூர் வானொலிக்குக் கைபேசிக் கோபுரம் வேண்டுவதில்லை. அதனுடன் ஒரு கணினியை இணைத்தால் எழுத்துச் செய்தியும் அனுப்பலாம். அக்கணினிக்கு எந்த லினக்ஸ் வழங்கல் தகும் என்பதே உறுப்பினர் சிலர் நம்மிடம் கேட்ட கேள்வி.

இவ்வானொலிக்கென்றே தனிநபர் சிலர் தொகுத்தளித்த வழங்கல்கள் உள. எல்லா மென்பொருளும் அவற்றில் ஆயத்தமாக இருக்கும். ஆனால் தொகுத்தவர் ஓய்ந்தால் திருத்தங்களும் ஓய்ந்துவிடும். ஆகவே நாம் பரிந்துரைப்பது டெபியன். 1993-இல் தொடங்கிய இதனைப் பல நாட்டுத் தன்னார்வலர் பேணுகின்றனர். தலைவரை ஆண்டுதோறும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். நம் சங்கத்தின் முறைக்கு இது புதிதன்று! விலையும் இல்லை, நிறுவும்போதே தமிழைத் தேர்ந்துகொள்ளலாம்.

பெறும் முறை இது. டெபியன் இணையதளத்திலிருந்து ஒருவர் தரவிறக்கிப் பலருக்கும் வழங்கலாம், சட்டம் தடுக்காது. உடன் தரப்படும் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்ட பின்னரே பென்டிரைவில் ஏற்றுக. 2025-இல் வெளிவந்த 13-ஆம் பதிப்பைப் பழைய 32 பிட் கணினிகளில் புதிதாக நிறுவ இயலாது. அவற்றுக்கு 12-ஆம் பதிப்பே உரியது.

இங்கே நாம் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறோம். சிறிய நிறுவற்கோப்பை மட்டும் பெற்று, மழை நாளொன்றில் நிறுவ முற்பட்டோம். மீதியை அது இணையத்திலிருந்தே எடுக்க வேண்டும். இணையமோ அன்று இல்லை. வேலை பாதியில் நின்றது. ஆதலின் வெயில் நாளிலேயே முழுவதும் நிறுவுக. எழுத்தை ஒலியாக மாற்றி அனுப்பும் எஃப்எல்டிஜி, செய்திப் பொட்டலங்களைக் கையாளும் டைர்உல்ஃப் ஆகியவற்றையும் அன்றே சேர்த்து, இணையத்தைத் துண்டித்துவிட்டுச் சோதித்துப் பார்க்க. வானொலியுடன் இணைக்கும் கம்பியைக் கணினி ஏற்க மறுத்தால், பயனர் பெயரை ‘டயல்அவுட்’ குழுவில் சேர்த்தாற் போதும்.

இரண்டு எச்சரிக்கைகள். மைய அரசின் தேர்வில் தேறி உரிமம் பெற்றவரன்றிப் பிறர் ஒலிபரப்பலாகாது. நூல் விலையும் நெல் விலையும் பேச இவ்வலைவரிசைகள் உரியனவல்ல. வாணிபத்துக்கு இங்கே இடமில்லை.

பாகூரிலும் வில்லியனூரிலும் படித்த இளைஞர்க்குக் குறைவில்லை. சங்கத்துக்கு இருவரேனும் உரிமம் பெறட்டும். அவர்கள் கணினியில் அடுத்த ஐப்பசிக்கு முன்னரே இவ்வேற்பாடு முடிந்திருக்கட்டும். கரை உடைந்தபின் மண் சுமப்பதில் பயனில்லை.