உணவு வலையும் காபன் வட்டமும்: மொன்றியல் தமிழ்ச் சிறார்க்குக் கற்பித்தல் குறித்து

மொன்றியலில் வளரும் தமிழ்ச் சிறார் பெரும்பாலும் அறிவியலைப் பிரெஞ்சு மொழியிலேயே கற்கின்றனர். 1977ஆம் ஆண்டின் பிரெஞ்சு மொழிச் சாசனம் குடிவரவாளரின் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பாடசாலைகளுக்கு உரியவராக்கிற்று. வார இறுதி வகுப்பில் அதே பொருளைத் தமிழில் விளக்க முற்படும் ஆசிரியர் முன் இருவகைக் கலைச்சொற்கள் நிற்கின்றன. இலங்கை மரபு சக்தி, காபன் வட்டம், ஒளித்தொகுப்பு என்னும். தமிழ்நாட்டு மரபு ஆற்றல், கார்பன் சுழற்சி, ஒளிச்சேர்க்கை என்னும். பலரும் அஞ்சுமளவுக்கு இது பெருந்தடையன்று. இரண்டையும் பலகையில் எழுதிவிட்டால் பிள்ளைகள் இரண்டையும் ஏற்றுக்கொள்வர். எந்நாட்டிலும் மாறாதது எது, இடத்தோடு மாறுவது எது என்று பிரித்துக் காட்டாமையே தடை என்பது என் கருத்து.

மாறாதது இது: பொருள் சுழல்கிறது, சக்தி சுழல்வதில்லை. சூரியனிடமிருந்து வந்த சக்தி ஓர் உயிரிலிருந்து மற்றோர் உயிருக்குச் செல்லுந்தோறும் பெரும்பகுதி வெப்பமாகிப் பிரிந்துவிடும். அடுத்த படிக்குச் சேர்வது ஏறத்தாழ 10 விழுக்காடு என்பது பாடநூல் மரபு. இயற்கையில் அது கூடியும் குறைந்தும் காணப்படும். காபனோ காற்று, இலை, உடல், மண் என மீண்டும் மீண்டும் புழங்குவது. ஆகவே ‘சக்தி வட்டம்’ என்ற தொடரை வகுப்பறையில் அறவே தவிர்த்தல் நன்று.

இதனை விளக்க மேப்பிள் மரமே போதும். உலகின் மேப்பிள் பாகில் ஏறத்தாழ 70 விழுக்காடு கியூபெக்கில் உற்பத்தியாகிறது. இரவில் உறைந்து பகலில் உருகும் மார்ச் மாத நாட்களில் வடியும் சாற்றில் சர்க்கரை ஏறத்தாழ 2 விழுக்காடே. 40 லீற்றர் சாற்றைக் காய்ச்சினால் 1 லீற்றர் பாகு கிடைக்கும். தமிழகத்தார் பதநீர் என்றும் யாழ்ப்பாணத்தார் கருப்பணி என்றும் வழங்கும் பனஞ்சாற்றில் சர்க்கரை அதைவிடப் பன்மடங்கு. எனவே பனங்கட்டி காய்ச்ச அத்தனை விறகு வேண்டியதில்லை. பேரப்பிள்ளை அறிந்த மரம் மேப்பிள். பாட்டி அறிந்தது பனை. இரண்டின் சர்க்கரையும் இலைகள் காற்றிலிருந்து பிடித்த காபனாலானது.

காய்ச்சும்போது பாத்திரத்தின் மேல் எழுவது நீராவி. அதில் காபன் இல்லை. அடுப்பில் எரியும் விறகே காபனீரொட்சைட்டை வெளிவிடுகிறது. குளிர்காலத்தில் வாயிலிருந்து புறப்படும் வெண்புகையும் நீரே. மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டைக் காட்டச் சுண்ணாம்புத் தெளிநீரில் உறிஞ்சுகுழலால் ஊதச் செய்யலாம். நீர் பால்போல் வெளுக்கும். (ஊதவேண்டும், உறிஞ்சலாகாது.) கருப்பணி கள்ளாகிப் புளிக்காதிருக்க முட்டியின் உட்புறம் பூசுவதும் இதே சுண்ணாம்புதான் என்பதைப் பாட்டியே சொல்லட்டும்.

உணவு வலை அவ்வாறன்று. அதை ஊர்விட்டு ஊர் பெயர்க்க இயலாது. மண்புழு உழவனின் நண்பன் என்று நாம் படித்தோம். நம் வயல்களுக்கு அது பொருந்தும். கியூபெக்கைக் கடைசிப் பனியூழியில் பனிப்பாளம் மூடியிருந்தமையால் இக்காடுகள் மண்புழுவின்றியே உருவாயின. இன்றுள்ளவை பெரும்பாலும் ஐரோப்பியர் வருகையோடு மண்ணிலும் செடிகளிலும் ஒட்டிவந்து, பின்னர் தூண்டில் இரையாகவும் பரவியவை. அவை சருகுப் படலத்தை விரைந்து உண்டுவிடுவதால் அப்படலத்தை நம்பி முளைக்கும் மேப்பிள் நாற்றும் காட்டுப் பூஞ்செடிகளும் நலிகின்றன. சருகைப் பூஞ்சைகள் மெல்ல மெல்லப் பிரித்து வந்த காட்டில் காபன் மண்ணில் தங்கும் காலமும் இதனால் மாறுகிறது. நம் பாடநூற் படத்தை அப்படியே ஒட்டினால், இங்குள்ள பிள்ளை தன் காட்டைத் தவறாகவே கற்கும்.

1976 ஒலிம்பிக் மிதிவண்டியரங்கம் 1992இல் பயோடோம் ஆயிற்று. அங்கே லோரன்சிய மேப்பிள் காட்டையும் சென் லோரன்ஸ் வளைகுடாவையும் ஒரே நாளில் காணலாம். சொற்சிக்கல் உண்மையில் தலைகாட்டுவது அங்கேதான். பீவரைத் தமிழில் நீர்நாய் என்று எழுதுவோர் உளர். நீர்நாய் மீனுண்பது, பீவர் மரப்பட்டையும் தளிரும் உண்பது. ஒரு பெயர் பிழைத்தால் தாவரவுண்ணி ஊனுண்ணியாகி, வலையில் இரண்டு படி மேலேறிவிடும். பீவர் என்றே எழுதலாம்.