பிஸ்டன் தேர்வு

காட்டுப்பள்ளித் துறைமுகம் அமைந்த திருவள்ளூர் மாவட்டத்தில் சோழவரம் என்னும் ஊர் உள்ளது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதையொன்றில், பிற்காலத்தில் அங்கு மோட்டார்ப் பந்தயங்கள் நடைபெற்றன. பந்தய வண்டியின் எஞ்சினைப் பிரித்துப் புதுக்குவோர் பிஸ்டனைத் தேர்வதில் பெரிதும் கருத்துச் செலுத்துவர். எஞ்சின் நிமிடத்திற்கு 6,000 முறை சுழலுங்கால், பிஸ்டன் நொடிக்கு 200 முறை நின்று திரும்புகின்றதன்றோ?

அலுமினியக் கலவையை உருக்கி அச்சில் ஊற்றினால் வார்ப்புப் பிஸ்டன் கிடைக்கும். காய்ச்சிய கட்டியைப் பேரழுத்தத்தால் அச்சில் நெருக்கி, பின்னர்க் கடைந்தெடுப்பது மற்றொரு வகை. பட்டறையார் அதனை ஃபோர்ஜ் பிஸ்டன் என்பர். உறுதியில் இதுவே மேலானது.

அங்ஙனமாயின், எல்லா வண்டிக்கும் இதனையே பூட்டலாகாதோ? ஈண்டுதான் சிக்கல் எழுகின்றது. அலுமினியம் வெப்பத்தால் இரும்பைவிட ஏறத்தாழ இருமடங்கு விரியும். வார்ப்புக் கலவையில் மிகுதியாகச் சேரும் சிலிக்கன் அவ்விரிவைச் சற்றுக் குறைக்கும். பந்தயப் பிஸ்டன்களிற் பலவற்றில் சிலிக்கன் மிகக் குறைவு. ஆதலின் அவற்றிற்கும் சிலிண்டருக்கும் இடையே கூடுதல் இடைவெளி விடுதல் வேண்டும். அதனால் எஞ்சின் சூடேறும்வரை பிஸ்டன் ஆடித் தட்டும் ஓசை கேட்கும். அவ்வோசைக்கு அஞ்சி இடைவெளியைச் சுருக்கினாலோ, விரிந்த பிஸ்டன் சிலிண்டரைக் கவ்வி எஞ்சினையே பாழாக்கும். நாள்தோறும் கடைத்தெருவிற்குச் சென்றுவரும் வண்டிக்கு வார்ப்பே சாலும்.

தனியே அளவு கொடுத்துச் செய்விப்போர் பிஸ்டன் வந்து சேருமுன் சிலிண்டரைக் கடையார். வந்ததனை மைக்ரோமீட்டரால் அளந்து, செய்தவர் குறித்த இடைவெளிக்கேற்பவே கடைவர்.