ஆய்வக அறிக்கையில் பத்தின் அடுக்குகள்

காய்ச்சல் நோயாளிகளின் உறவினர்கள் எங்களிடம் கேட்கும் ஐயங்களுள் ஒன்று இது: "நேற்றைய அறிக்கையில் தட்டணுக்கள் 1,50,000 என்று இருந்தன. இன்று வேறோர் ஆய்வகத்தில் 150 என்று கொடுத்திருக்கிறார்களே, இவ்வளவு குறைந்துவிட்டதா?" டெங்கு பரவும் காலத்தில் இவ்வச்சம் எழுவது இயல்பே. ஆயினும், அந்த 150-க்கு அடுத்த கட்டத்தில் அச்சிடப்பட்டுள்ள அலகையும் சேர்த்துப் படித்தால் அச்சம் நீங்கிவிடும்.

மிகப் பெரிய எண்களைச் சுருக்கி எழுத அறிவியலில் பத்தின் அடுக்குகள் பயன்படுகின்றன. 10-இன் மேல் வலப்புறத்தில் சிறிதாக எழுதப்படும் எண், ஒன்றுக்குப் பின் எத்தனை சுழியங்கள் வரும் என்பதைக் காட்டும். 10³ என்பது ஆயிரம். 10⁵ என்பது இலட்சம். 10⁷ என்பது கோடி. எனவே 150 × 10³ என்பது 150 ஆயிரம், அதாவது ஒன்றரை இலட்சம். இதையே 1.5 × 10⁵ என்றும் எழுதலாம். சில அறிக்கைகளில் 10^3 அல்லது 10*3 என்று அச்சாகியிருந்தாலும் பொருள் ஒன்றே.

அலகையும் நோக்க வேண்டும். ஒரு லிட்டரில் 10⁶ மைக்ரோ லிட்டர்கள் உள்ளன. ஆகவே ஒரு மைக்ரோ லிட்டருக்கு 150 × 10³ என்பதும், ஒரு லிட்டருக்கு 150 × 10⁹ என்பதும் ஒரே அளவே. பெரியவர்களுக்குத் தட்டணுக்கள் பொதுவாக மைக்ரோ லிட்டருக்கு 150 × 10³ முதல் 450 × 10³ வரை இருக்கும்.

அடுக்கில் தோன்றும் சிறு மாற்றம் உண்மையில் பெரிய மாற்றமாகும். ஹெபடைடிஸ் பி நோய்க்கு மருந்து உட்கொள்ளும் ஒருவரின் வைரஸ் அளவு 10⁶-இலிருந்து 10⁴-க்கு இறங்கினால், ஆறு நான்காகியதாக மட்டும் எண்ணலாகாது. பத்து இலட்சம் பத்தாயிரமாகியுள்ளது. நூறில் ஒரு பங்கே எஞ்சியுள்ளது.

மிகச் சிறிய எண்களுக்கு அடுக்கின் முன் கழித்தல் குறி வரும். 10⁻³ என்பது ஆயிரத்தில் ஒரு பங்கு; 10⁻⁶ என்பது பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. ஒரு கிராமில் 10⁻³ பங்கு மில்லிகிராம். 10⁻⁶ பங்கு மைக்ரோகிராம். தைராய்டு மாத்திரைகள் மைக்ரோகிராம் கணக்கில் தரப்படுகின்றன. 50 மைக்ரோகிராம் என்பது 0.05 மில்லிகிராம். அதை 50 மில்லிகிராம் என்று பிறருக்குச் சொன்னால், அளவு ஆயிரம் மடங்காகிவிடும். புள்ளியை ஓரிடம் தள்ளி 0.5 என்று எழுதினாலும் பத்து மடங்காகிவிடும்.

ஆகவே சிலவற்றைக் கடைப்பிடிக்க வேண்டுகிறோம்:

• இரண்டு அறிக்கைகளை ஒப்பிடுமுன் எண், பத்தின் அடுக்கு, அலகு ஆகிய மூன்றையும் பாருங்கள்.

• தொலைபேசியில் தெரிவிக்கும்போது எண்ணை மட்டும் கூறாமல், அலகையும் சேர்த்துக் கூறுங்கள்; இயன்றால் அறிக்கையின் படத்தையே அனுப்புங்கள்.

• மருந்தின் அளவை நினைவிலிருந்து சொல்லாமல், அட்டையைப் பார்த்துச் சொல்லுங்கள்.

• டெங்குக் காய்ச்சலில் கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால், தட்டணுக்களின் எண்ணிக்கை நன்றாக இருப்பினும் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

அறிக்கையில் விளங்காத குறியீடு எதுவாயினும் எங்கள் மருத்துவரிடமோ செவிலியரிடமோ தயங்காது கேளுங்கள்.