ஜெர்மனி வரை போயும் ஆட முடியாத 6 பேர்! கல்லூரி விளையாட்டில் சாதிக்க திறமை மட்டும் போதுமா?

கன்னிவாடியிலிருந்து திண்டுக்கல் போகும் காலைப் பேருந்தில் ஒரு கல்லூரி மாணவி ஏறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பையில் ரெக்கார்ட் நோட்டு, இன்னொரு பையில் ஸ்பைக்ஸ் ஷூ. வகுப்பு, பயிற்சி எல்லாம் முடித்து ஊர் திரும்பும்போது பழனி மலை இருட்டுக்குள் போயிருக்கும். "நல்லா ஓடு தாயி, மத்ததெல்லாம் தானா வரும்" என்று சொல்லித்தான் வீட்டில் அனுப்பிவைப்பார்கள்.

அந்த 'மத்ததெல்லாம்' தானாக வருமா? வராது என்பதற்கு சமீபத்திய உதாரணம் ஒன்று இருக்கிறது.

12 பேர் போனார்கள், 6 பேர்தான் ஆடினார்கள்

2025 ஜூலையில் ஜெர்மனியின் ரைன்-ரூர் பகுதியில் உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. கல்லூரி மாணவர்களுக்கு இது ஒலிம்பிக் மாதிரி. இந்தியாவிலிருந்து அணியை அனுப்பும் பொறுப்பு, இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கமான ஏ.ஐ.யு-வுடையது.

பேட்மின்டன் அணிக்குத் தேர்வானவர்கள் 12 பேர். அத்தனை பேரும் ஜெர்மனிக்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனால், போட்டிக்கு முன்பு நடந்த அணி மேலாளர்கள் கூட்டத்தில் இறுதிப் பட்டியலில் 6 பேர் பெயர் மட்டுமே இருந்தது. மற்ற 6 பேரும் பார்வையாளர்களாக உட்கார வேண்டியதாயிற்று. ஆடிய 6 பேரில் தமிழ்நாட்டின் சதீஷ்குமார் கருணாகரனும் ஒருவர். பாதி அணியை வைத்துக்கொண்டே இந்தியா கலப்பு அணிப் பிரிவில் வெண்கலம் வென்றது!

விளையாடாமல் திரும்பியவர்களில் ஒருவர் சமூக வலைதளத்தில் இதைப் போட்டு உடைத்த பிறகுதான் நாட்டுக்கே விஷயம் தெரிந்தது. ஏ.ஐ.யு விசாரணைக்கு உத்தரவிட்டது, அதிகாரி ஒருவர் சஸ்பெண்ட் செய்யப்பட்டார். ஆனால், அந்த 6 பேரின் போட்டியைத் திருப்பிக் கொடுக்க யாராலும் முடியாது.

வருடக்கணக்கில் வியர்வை சிந்துவது மாணவர். அவர் பெயரைத் தாளில் எழுதுவது வேறு யாரோ. இரண்டாவதில் தவறு நடந்தால் முதலாவதும் வீண்தான். ஜெர்மனியில் நடந்தது, திண்டுக்கல் கல்லூரி ஒன்றின் உடற்கல்வித் துறை அறையிலும் நடக்கலாம். அதனால்தான் விளையாடும் பிள்ளைகளும் பெற்றோரும் சில விதிகளைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஸ்போர்ட்ஸ் கோட்டா: உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன?

"விளையாட்டில் மெடல் இருக்கு சரி, மார்க் எங்கே?" - இந்தக் கேள்வியைச் சந்திக்காத விளையாட்டுப் பிள்ளைகள் குறைவு. இதற்கு 2023 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான பதிலைச் சொன்னது.

சண்டிகரில் உள்ள பஞ்சாப் பொறியியல் கல்லூரியில் விளையாட்டு வீரர்களுக்கு 2 சதவிகித இடங்கள் உண்டு. ஆனால், அந்த இடங்களுக்கும் பிளஸ் டூ-வில் 75 சதவிகித மதிப்பெண் வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். ஒரு மாணவர் வழக்கு போட்டார். உயர் நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது. அவர் விடவில்லை, உச்ச நீதிமன்றம் போனார்.

நீதிபதிகள் ரவீந்திர பட், அரவிந்த் குமார் அமர்வு அவர் பக்கம் நின்றது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவின் நோக்கம் விளையாட்டை வளர்ப்பது. பொதுப்பிரிவு மாணவருக்கு வைக்கும் அதே மதிப்பெண் அளவுகோலை இங்கேயும் வைத்தால் அந்த நோக்கமே அடிபட்டுப்போகும். எனவே, அந்த 75 சதவிகித நிபந்தனை சமத்துவத்தைச் சொல்லும் அரசமைப்புச் சட்டத்தின் 14-வது பிரிவுக்கு எதிரானது என்பதே தீர்ப்பின் சாரம்.

அதற்காகப் படிப்பே வேண்டாம் என்று அர்த்தமில்லை. 2024-25 கல்வியாண்டில் ஐ.ஐ.டி மெட்ராஸ் விளையாட்டு வீரர்களுக்கென்று தனிச் சேர்க்கையைத் தொடங்கியது. ஐ.ஐ.டி-க்களில் இதுதான் முதல்முறை. ஒவ்வோர் இளநிலைப் படிப்பிலும் 2 கூடுதல் இடங்கள், அதில் ஒன்று பெண்களுக்கு. ஆனாலும் ஜே.இ.இ அட்வான்ஸ்டு தேர்வில் தகுதி பெற்றிருக்க வேண்டும், தேசிய அல்லது சர்வதேசப் பதக்கமும் வேண்டும்.

எந்தச் சான்றிதழுக்கு மதிப்பு?

வீட்டு ஷோகேஸ் நிறைய கோப்பைகள் இருக்கும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, "இதெல்லாம் செல்லாது" என்பார்கள். மத்திய அரசுப் பணிகளுக்கான ஸ்போர்ட்ஸ் கோட்டாவில், சான்றிதழைப் படிவ எண்ணை வைத்துத்தான் பார்க்கிறார்கள். சர்வதேசப் போட்டிக்கு படிவம் 1, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடினால் படிவம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு படிவம் 3, தேசியப் பள்ளி விளையாட்டுக்கு படிவம் 4.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு முக்கியமானது படிவம் 3. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் எத்தனை கப் வாங்கினாலும் இது கிடைக்காது. பல்கலைக்கழக அணியில் இடம்பிடித்து, வேறு பல்கலைக்கழகங்களுடன் மோதியிருக்க வேண்டும்.

கன்னிவாடி மாணவி எந்தப் பல்கலைக்கழக அணிக்குப் போவாள் என்பது அவள் சேரும் கல்லூரியைப் பொறுத்தது. திண்டுக்கல் அரசு மகளிர் கல்லூரி என்றால் கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரி என்றால் அந்த அணி. கல்லூரியில் சேரும் முன்பே, "இங்கே என் விளையாட்டுக்குப் பல்கலைக்கழக அணி இருக்கிறதா?" என்று கேட்பது புத்திசாலித்தனம்.

சளி மாத்திரையும் ஆபத்துதான்!

2022-ல் தேசிய ஊக்கமருந்து தடுப்புச் சட்டம் வந்தது. அதன் மூலம் 'நாடா' அமைப்புக்குச் சட்ட அந்தஸ்து கிடைத்தது. பரிசோதனை சீனியர் வீரர்களுக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். பல்கலைக்கழகப் போட்டிகளிலும் சிறுநீர் மாதிரி எடுக்கிறார்கள்.

இதில் அடிப்படை விதி ஒன்றுதான். உங்கள் உடம்பில் இருப்பதற்கு நீங்களே பொறுப்பு. "கோச் கொடுத்தார்", "ஜிம் அண்ணன் கொடுத்த பவுடர்" என்பதெல்லாம் தப்பிக்க உதவாது. தடை 4 ஆண்டுகள் வரை போகலாம். ஒரு கல்லூரி மாணவருக்கு 4 ஆண்டுகள் என்பது கிட்டத்தட்ட முழு விளையாட்டு வாழ்க்கை.

சில சளி மாத்திரைகளில் இருக்கும் சூடோஎபிட்ரின், மூச்சிரைப்புக்கும் அலர்ஜிக்கும் தரும் சில ஸ்டீராய்டு மாத்திரைகள் - இவையும் போட்டி நேரத்தில் சிக்கல் தரக்கூடியவை. டாக்டரிடம் போனால், "நான் அத்லெட்" என்று முதலில் சொல்லுங்கள். அந்த மருந்து கட்டாயம் தேவை என்றால், மருத்துவக் காரணத்துக்கான விலக்கு கேட்டு நாடாவுக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது.

மைதானமும் பணியிடம்தான்

பெண் பிள்ளையை வெளியூர் போட்டிக்கு அனுப்பும் பெற்றோருக்கு இருக்கும் பெரிய பயம், பாதுகாப்பு. 2013-ம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 'பணியிடம்' என்பதற்குள் விளையாட்டுப் பயிற்சி நிறுவனம், ஸ்டேடியம், போட்டி நடக்கும் இடம் எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறது. மாணவிகளுக்காக யு.ஜி.சி-யின் 2015-ம் ஆண்டு விதிமுறைகளும் உண்டு. ஒவ்வொரு கல்லூரியிலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை முதல் வருடமே தெரிந்துகொள்ளுங்கள்.

இன்றே செய்யக்கூடியவை

* ஒவ்வொரு போட்டிக்கும் முன்பு, அனுப்பப்பட்ட பெயர்ப் பட்டியலின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பெயர், பிறந்த தேதி, ஆடும் பிரிவு மூன்றையும் சரிபாருங்கள்.

* போட்டி முடிந்த கையோடு சான்றிதழை வாங்கி, போனிலும் மெயிலிலும் பத்திரப்படுத்துங்கள்.

* போட்டிக்காக விடுப்பு எடுக்கும் முன்பே துறைத் தலைவரிடம் எழுத்துபூர்வமாக அனுமதி பெறுங்கள். பிறகு வருகைப் பதிவேட்டுப் பிரச்னையில் அந்தக் கடிதம்தான் கைகொடுக்கும்.

* தேர்வில் சந்தேகம் என்றால், அரசுப் பல்கலைக்கழகத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும்.

2025-ல் நாடாளுமன்றம் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தையும் நிறைவேற்றியிருக்கிறது. விளையாட்டுத் தகராறுகளுக்கென்று தனித் தீர்ப்பாயம் அமைக்க அது வழிசெய்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால், அது முக்கியமாகக் குறிவைப்பது தேசிய விளையாட்டுச் சம்மேளனங்களை. கல்லூரியில் முதல் கேள்வியை மாணவரும் பெற்றோரும்தான் கேட்க வேண்டும்.

கேள்வி கேட்டால் அணியிலிருந்து தூக்கிவிடுவார்களோ என்ற பயம் நியாயமானதுதான். ஆனால், "பட்டியலில் என் பெயர் இருக்கிறதா சார்?" என்பது சண்டை இல்லையே! மரியாதையாகக் கேட்கும் அந்த ஒரு கேள்வி, பல வருட உழைப்பைக் காப்பாற்றலாம்.

அடுத்த முறை மகளைப் பேருந்து ஏற்றும்போது, "நல்லா ஓடு தாயி" என்பதோடு இன்னொன்றையும் சொல்லி அனுப்புங்கள்... "லிஸ்ட்டுல பேரு இருக்கான்னு ஒரு தடவ பாத்துக்க!"