உப்புக்கண்டமும் ஒரு துண்டு பிரெட்டும்

எனக்கு வயது 66. காரைக்குடி பக்கத்தில் மானகிரியில் இருக்கிறேன். சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி, 'என் மருமகள் அவள் பிறந்த வீட்டுச் சமையலையே சமைக்கிறாள். எங்கள் வீட்டு ருசியே போய்விட்டது' என்று குறைப்பட்டு எழுதியிருந்தார். படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. அதே குறையை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள்தான் நானும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்தது தொண்டி. கடற்கரை ஊர். எங்கள் தெருவில் கருவாடு இல்லாத வீடு கிடையாது. அடைமழையில் படகு கடலுக்குப் போகாத நாட்களில், அம்மா நெத்திலிக் கருவாட்டை மொறுமொறுவென்று வறுத்து, பழைய சோற்றோடு தருவார். காய்ச்சல் விட்டு எழுந்தாலும் அதுதான். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி அழுதுகொண்டு வந்தாலும் அதுதான். அதைத் தின்றால் மனசு ஒரு நிலைக்கு வந்துவிடும்.

1980ல் கல்யாணமாகி மானகிரிக்கு வந்தேன். இது பெரிய நாட்டுக்கோட்டை வீடு எல்லாம் இல்லை. சாதாரண ஓட்டு வீடு, நடுவில் சின்னதாக ஒரு முற்றம். கறி, மீன் எல்லாம் சாப்பிடுகிற குடும்பம்தான். ஆனால் மாமியார் வந்த மறுநாளே சொல்லிவிட்டார். "கருவாட்டு வாடை மட்டும் இந்த வீட்டு வாசப்படி தாண்டப்படாது." அம்மா கொடுத்தனுப்பும் கருவாட்டுப் பொட்டலத்தை மாட்டுக் கொட்டகையின் எரவாணத்தில் சொருகி வைப்பேன். மூத்தவனை வயிற்றில் சுமந்தபோது, கொட்டகை ஓரத்தில் மூன்று கல் கூட்டிக் கருவாடு சுட்டு, நின்றபடியே தின்றிருக்கிறேன். மாடு என்னையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

அதே மாமியார் உப்புக்கண்டம் போடுவதில் பெரிய கெட்டிக்காரர். கோயிலுக்குக் கிடா வெட்டினால் மிச்சப்படும் கறியை வீணாக்க மாட்டார். ஃபிரிட்ஜ் ஏது அப்போது? பர்மா, மலேயா என்று கொண்டுவிக்கப் போனவர்கள்கூட ஜாடியில் கட்டி எடுத்துப் போவார்கள் என்று கதை சொல்லுவார். அவரிடம்தான் நானும் கற்றுக்கொண்டேன்.

என் மகன் திருச்சியில் வேலை பார்த்தபோது, பொன்மலையைச் சேர்ந்த ஆங்கிலோ இந்தியப் பெண்ணை விரும்பினான். ரயில்வே குடும்பம். நாகப்பட்டினத்தில் இருந்த பணிமனை 1920களில் பொன்மலைக்கு மாறியதே, அந்தக் காலத்திலிருந்து அங்கே இருப்பவர்கள். நானும் எங்க வீட்டுக்காரரும் ஆறு மாசம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் 2012ல் கல்யாணம் நடந்தது. மகனுக்குக் காரைக்குடியிலேயே வேலை அமைந்ததால் இருவரும் எங்களோடு வந்துவிட்டார்கள். பெண் நல்ல பெண். எங்களைவிட வேகமாகத் தமிழ் பேசுவாள். என்னை 'ஆன்ட்டி' என்பாள். 'அத்தை' என்று கூப்பிடச் சொல்லி நானும் கேட்கவில்லை.

வந்த மூன்றாம் மாதம் ஒருநாள், குன்றக்குடி கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பினேன். அடுப்படியில் ஏதோ வறுபடும் வாசனை. என் தோசைக்கல்லில் கறித் துண்டுகள் ரிப்பன் மாதிரி சுருண்டு கிடக்கின்றன. பக்கத்தில் சின்னச் சின்னதாக வெட்டிய பிரெட்.

"ஆன்ட்டி, பேக்கன் சாண்ட்விச். மம்மி கொடுத்து விட்டாங்க. ஒண்ணு சாப்பிடுறீங்களா?"

"என்ன கறி இது?"

சொன்னாள். பன்றியின் வயிற்றுக்கறியை உப்பில் ஊறப்போட்டு, புகை காட்டிப் பதப்படுத்தியது என்று பொறுமையாக விளக்கவும் செய்தாள். என் காதில் எங்கே ஏறியது? கல்லைத் தூக்கிக் கொல்லையில் வீசினேன். "இதெல்லாம் உங்க வீட்டோட வச்சுக்க. இது குடும்பம் நடக்கிற வீடு" என்றேன். என்ன வார்த்தை அது! அவள் ஒன்றும் பேசவில்லை. பிரெட்டை எடுத்து மூடி வைத்துவிட்டுக் கல்லைத் தேய்க்கப் போய்விட்டாள். என் மகனும் வாயைத் திறக்கவில்லை. அது எனக்கு அன்றைக்கு வெற்றியாகத் தெரிந்தது.

அதற்கப்புறம் ஐந்து வருஷம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எங்கள் சமையலையே சமைத்தாள். மிளகுக் குழம்பும் வெள்ளைப் பணியாரமும் என்னைவிட நன்றாகச் செய்வாள். நானும் 'திருத்திட்டேன்' என்று பக்கத்து வீட்டில் பெருமை பேசினேன்.

2017 ஐப்பசியில் அவள் அம்மா திடீரென்று இறந்து போனார். அடக்கம் முடிந்து அவளை அழைத்து வந்தோம். மூன்று நாளாக டீயைத் தவிர எதுவும் உள்ளே இறங்கவில்லை. இடுப்பில் ஒன்றரை வயசுப் பேத்தி. வெளியே விடாத மழை. சோறு பிசைந்து கொண்டுபோய் வைத்தால், "வேண்டாம் ஆன்ட்டி" என்று தள்ளிவிடுவாள். மூன்றாம் நாள் ராத்திரி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "உங்க வீட்ல இந்த மாதிரி நேரத்துல என்னம்மா சாப்பிடுவீங்க?" என்று கேட்டேன். ஐந்து வருஷத்தில் 'உங்க வீட்ல' என்று நான் மரியாதையோடு கேட்டது அதுதான் முதல் தடவை.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் சொன்னாள். அவள் அப்பா இறந்தபோது அவளுக்குப் பதினோரு வயசாம். எல்லாரும் போன பிறகு மம்மி பிரெட்டின் ஓரத்தை வெட்டி, ஒன்றை நாலாக நறுக்கி, பேக்கன் வைத்துக் கொடுத்தாராம். "வாய் நிறையத் திறக்கக்கூட தெம்பு இருக்காதுல்ல, அதான் குட்டியா." அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் தூங்கினாளாம்.

எனக்கு நெத்திலிக் கருவாடு ஞாபகம் வந்தது. மாட்டுக் கொட்டகையும் ஞாபகம் வந்தது. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அந்த ராத்திரியில் பேக்கனுக்கு எங்கே போவது? கிடைத்திருந்தாலும் அன்று எனக்குத் தொட மனம் வந்திருக்காது, பொய் சொல்வானேன்? கண்ணில் பட்டது உப்புக்கண்ட ஜாடி. யோசித்துப் பார்த்தால் அதுவும் இதுவும் ஒன்றுதானே! உப்பு கறியில் இருக்கும் தண்ணீரை இழுத்துவிடுகிறது. தண்ணீர் இல்லாத இடத்தில் கெட்டுப்போக வைக்கும் கிருமி பெருகாது. அவர்கள் புகை போடுகிறார்கள், நாம் வெயிலில் போடுகிறோம். என் கருவாடும் அந்த வகைதான்.

உப்புக்கண்டம் போடத் தெரியாத இளம் பெண்களுக்காகச் சொல்கிறேன். ஆட்டுத் தொடைக்கறி எலும்பில்லாமல் ஒரு கிலோ. கொழுப்பைச் சுத்தமாக எடுத்துவிட வேண்டும். இருந்தால் நாள்பட்டுச் சிக்கு வாடை அடிக்கும். (பேக்கனுக்கு அந்தக் கொழுப்புத்தான் ருசியாம்!) கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு, விரல் கனத்தில் நீளநீளமாக அரியுங்கள். கல் உப்பு 100 கிராம், மஞ்சள் தூள் ஒரு ஸ்பூன், காய்ந்த மிளகாய் இருபது, பூண்டு ஒன்று, எல்லாவற்றையும் தண்ணீர் விடாமல் அரைத்துப் பிசிறி ஓர் இரவு வையுங்கள். மறுநாள் கோணி ஊசியில் நூல் கோத்து மாலையாகக் கட்டி, பங்குனி, சித்திரை வெயிலில் தொங்கவிடுங்கள். ஈ மொய்க்காமல் மெல்லிய வெள்ளைத் துணி சுற்ற வேண்டும். பனி இறங்கும் முன் வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும். நாலைந்து நாளில் சுள்ளி மாதிரி காய்ந்துவிடும். பீங்கான் ஜாடியில் போட்டு, மாசத்துக்கு ஒரு தடவை வெயில் காட்டுங்கள். மழைக்காலத்தில் மட்டும் போடவே போடாதீர்கள், காயாமல் கெட்டுவிடும்.

அன்றைக்கு நாலு துண்டை எடுத்து வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்தேன். உப்பு கொஞ்சம் இறங்கியதும் பிழிந்து, அம்மியில் வைத்து லேசாகத் தட்டி, நார் நாராகப் பிரித்தேன். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், கறிவேப்பிலையோடு நிதானமான தீயில் வறுத்தேன். பேத்திக்கு வாங்கிய பிரெட் இருந்தது. ஓரத்தை வெட்டினேன், நாலாக நறுக்கினேன், வெண்ணெய் தடவினேன். உப்புக்கும் காரத்துக்கும் வெண்ணெய்தான் அணை. அது இல்லாவிட்டால் நாக்கு தாங்காது.

தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். எடுத்து ஒரு கடி கடித்தாள். அப்படியே நிறுத்திவிட்டாள். உப்பு ஜாஸ்தியோ என்று நான் பயந்துவிட்டேன்.

"அத்தை, எங்க மம்மி செஞ்ச மாதிரியே இருக்கு" என்றாள். பிறகு ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே எட்டுத் துண்டும் தின்றாள்.

'மாதிரியே' எல்லாம் இருந்திருக்காது. ஆட்டுக்கறி எங்கே, அது எங்கே! எனக்காகச் சொல்லியிருப்பாள்.

அடுத்த மாதம் நானே திருச்சிக்குப் போயிருந்தபோது, மகனை அழைத்துக்கொண்டு ஒரு கோல்டு ஸ்டோரேஜ் கடைக்குப் போய், ஒரு பாக்கெட் பேக்கன் வாங்கி, ஐஸ் டப்பாவில் வைத்து பஸ்ஸில் கொண்டு வந்தேன். ஒரு புது வாணலியும் வாங்கினேன். புது வாணலி எதற்கு என்று மகன் கேட்டான். அந்த அளவுக்குத்தான் எனக்கு மனசு விரிந்திருந்தது, என்ன செய்ய? அவள் எண்ணெயே ஊற்றாமல், காயாத சட்டியில் துண்டுகளை அடுக்கி, தீயைக் குறைத்து வைத்தாள். கொழுப்பு உருகி அதிலேயே வெந்து மொறுமொறுப்பானது. அந்த நெய்யிலேயே பிரெட்டையும் வாட்டினாள். நான் கூடவே நின்றேன். சாப்பிடவில்லை. இன்றுவரை சாப்பிட்டதில்லை. நாத்தனார் இதைக் கேள்விப்பட்டு ஆறு மாசம் எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. பிறகு தானாக வந்தார்.

ஒன்று மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். எங்க வீட்டுக்காரருக்கு ரத்த அழுத்தம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்கிறது. பேக்கன் போலப் பதப்படுத்திய இறைச்சியை அடிக்கடி தின்றால் குடல் புற்றுநோய் வரும் வாய்ப்புக் கூடும் என்று அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2015லேயே அறிவித்துவிட்டதாக மருமகளே படித்துக் காட்டினாள். உப்புப் போட்டுப் பதப்படுத்தியதெல்லாம் அந்த வகையில்தான் சேருமாம், அப்படியானால் உப்புக்கண்டமும்தான். அதனால் எங்கள் வீட்டில் இரண்டுமே மாசத்துக்கு ஒரு நாள்தான். யாருக்காவது மனசு சரியில்லை என்றால் கணக்கில்லை.

மாமியார் காலமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்படியும் நான் கருவாட்டைக் கொல்லைப்புறத்து விறகடுப்பில்தான் வறுத்துக்கொண்டிருந்தேன். பழகிவிட்டது. போன ஆடியில் மழைத் தூறல். மருமகள் வந்து பார்த்துவிட்டு, "ஏன் அத்தை இங்க நின்னு நனையிறீங்க? உள்ள அடுப்பு சும்மாத்தானே இருக்கு" என்று சட்டியைப் பிடுங்கிக்கொண்டு போனாள். நாற்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக எங்கள் அடுப்படியில் நெத்திலிக் கருவாடு வறுபட்டது. கூடத்திலிருந்து எங்க வீட்டுக்காரர், "ஜன்னலைத் திறங்கம்மா!" என்று கத்தினார். திறந்துதான் இருந்தது.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மானகிரி.