கடல் ஓவியர் கண்ட பாலை

ஓவியரின் தட்டில் இருக்கும் மிகப் பிரகாசமான பொருள் வெள்ளைச் சாயம். சுண்ணாம்பு அடித்த சுவரைவிட அது பெரிதாக ஒளிர்ந்துவிடாது. கறுப்புச் சாயத்தோடு ஒப்பிட்டால் சில பத்து மடங்கு கூடுதலான ஒளியைத் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். அந்திச் சூரியனுக்கும் மரநிழலுக்கும் இடையிலோ ஆயிரக்கணக்கான மடங்கு வேறுபாடு. இருந்தும் இவான் ஐவசோவ்ஸ்கியின் சூரியன்கள் கண்ணைக் கூசவைக்கின்றன!

கருங்கடல் ஓரத்து ஃபியோதோசியாவில் 1817-இல் பிறந்த ஆர்மீனியர் இவர். ரஷ்யக் கடற்படையின் ஓவியர். வரைந்தவை ஏறத்தாழ 6,000, பெரும்பாலும் கடல். ஆனால் ஓயாத பயணி. 1846-இல் கான்ஸ்டாண்டிநோபிளின் காபிக் கடையை வரைந்தார். உப்பு ஏற்றிய மாட்டுவண்டிகளோடு உக்ரைன் புல்வெளியைக் கடந்த சுமாக் வணிகர்களையும் வரைந்தார். 1869-இல் சூயஸ் கால்வாய்த் திறப்பு விழாவுக்குப் போனவர், எகிப்தின் ஒட்டகங்களையும் பிரமிடுகளையும் கண்டு வந்தார்.

கடலில் பழகிய கை மணலில் தடுமாறவில்லை. காரணம், அவர் உண்மையில் வரைந்தது காற்றை. அடிவானத்துச் சூரியனின் ஒளி, உச்சிச் சூரியனின் ஒளியைவிடச் சுமார் 38 மடங்கு அதிகக் காற்றைக் கடந்து வருகிறது. வழியில் நீலம் சிதறிப்போகிறது, செம்மை மிஞ்சுகிறது. காற்றில் மிதக்கும் துகள்களோ ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கியே சிதறடிக்கும். அதனால் சூரியனைச் சுற்றிப் புகைபோன்ற ஒளிவட்டம் பரவும், தொலைவிலுள்ளவை வெளுக்கும். அத்துகள் கடல்மூடுபனியின் நீர்த்துளியா, பாலையின் புழுதியா என்பதில் பெரிய பேதமில்லை.

இந்த ஒளிர்வுக்கு அவர் கைக்கொண்டது ஊடொளிப் பூச்சு, அதாவது ஒளி உள்ளே புகுந்து மீளும்படி எண்ணெயில் கரைத்துப் பூசும் மெல்லிய வண்ண அடுக்கு. ஒளி அடுக்கைக் கடந்து, அடியிலுள்ள வெளிர்பரப்பில் பட்டுத் திரும்பி, மறுபடியும் அதே வண்ணத்தின் வழியே வெளிவருகிறது. இரண்டு முறை வடிகட்டப்பட்ட நிறம் ஆழமாகத் தெரிகிறது. அலையின் உச்சியில் பச்சை விளக்கு ஏற்றியதுபோன்ற அந்த ஒளி இப்படித்தான் பிறக்கிறது.

நான் மிகவும் வியப்பது அவருடைய நினைவாற்றலை. அலையோ மின்னலோ அசையாமல் நின்று தராது என்பதால், பென்சிலில் சில கோடுகளை மட்டும் குறித்துக்கொண்டு மற்றதையெல்லாம் பட்டறையில் நினைவிலிருந்தே வரைந்தார்.

அப்படியும் சாயத்தின் எல்லை இருக்கவே செய்கிறது. அதைத் தாண்ட உதவுவது நம் கண்தான். கண் வெளிச்சத்தை அளப்பதில்லை. பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிடுகிறது. அவருடைய அந்திக்காட்சி ஒன்றின் அச்சுப்படியில் இருண்ட பகுதிகளைத் தாளால் மறைத்துப் பாருங்கள். எரிந்துகொண்டிருந்த சூரியன் வெளிறிய மஞ்சள் பொட்டாகிவிடும்.