பழைய கட்டை, புதிய தோல்

பாலக்காட்டு எல்லைக் கிராமம் ஒன்று பழைய மிருதங்கங்களைப் பேச வைக்கிறது. பேச வைத்தவர் பெயரோ கச்சேரியில் கேட்பதில்லை.

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே செல்லும் சாலையில் கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் கேரளம். பேச்சு உடனே மாறிவிடுவதில்லை. கொழிஞ்சாம்பாறை வரை டீக்கடைகளில் தமிழ்தான். அங்கிருந்து சித்தூர் வழியாகப் போனால் பெருவெம்பா வரும். செண்டை, மத்தளம், திமிலை, இடக்கை, மிருதங்கம் என்று தோல் கட்டிய வாத்தியம் எதுவானாலும் அந்த வட்டாரத்துக் கலைஞர்கள் தேடிப்போகும் கிராமம் இது. தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்கள் இதையே தொழிலாகக் கொண்டிருக்கின்றன. பாலக்காட்டு மத்தளத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

மிருதங்கத்தை ஒருமுறை வாங்கினால் போதும். மூட்டை மாற்றுவது மட்டும் வாழ்நாள் முழுக்கத் தொடரும் செலவு. நன்கு முற்றிய பலாமரத்தில் குடைந்த கட்டை, வெடிப்பும் பூச்சியும் இல்லாவிட்டால், தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வந்து சேரும். தோலுக்கு அந்த ஆயுள் கிடையாது. அடி தாங்கித் தாங்கி நாதம் மங்கும், கரணை உதிரும், வார் தளரும். பரணில் கிடந்த பழைய மிருதங்கத்தைப் புதுப்பிப்பது என்றால் கட்டையை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் புதிதாகப் போடுவது என்று பொருள்.

அதற்கு மூன்று மிருகங்களின் தோல் வேண்டும்: பசு, ஆடு, எருமை. வலந்தலைக்குப் பசுத்தோல், இடப்பக்கத்துத் தொப்பிக்கு ஆட்டுத்தோல், இழுத்துக் கட்டும் வாருக்கு எருமைத்தோல். தோலின் கனம் எங்கும் ஒரே சீராக இருக்கிறதா என்று விரலால் தடவியே கண்டுபிடிக்கிறார்கள். பிறகு வருவதுதான் கடினமான வேலை. சாதத்தையும் பொடித்த கல்லையும் குழைத்து, வலந்தலையின் நடுவில் மெல்லிய பூச்சாக வைத்து, வழவழப்பான கல்லால் தேய்த்து, காயவிட்டு, மறுபடி பூசி, மறுபடி தேய்க்க வேண்டும். அந்தக் கறுப்பு வட்டத்தை 'சாதம்' என்றும் 'கரணை' என்றும் சொல்கிறார்கள். ஒரு பூச்சு கூடினாலும் குறைந்தாலும் சுருதி ஒட்டாது.

இதன் அருமையை விஞ்ஞான உலகுக்கு எடுத்துச் சொன்னவர் சி.வி. ராமன். சாதாரணத் தோல் கருவியின் அதிர்வுகள் ஒன்றோடொன்று இசையாமல் வெறும் ஓசையாகவே முடியும். மிருதங்கத்திலும் தபலாவிலும் அப்படியில்லை. நடுவில் ஏற்றிய கனம் அந்த அதிர்வுகளைத் தந்தி வாத்தியத்தில் போல ஒழுங்கான சுரவரிசைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. 1920-ல் 'நேச்சர்' இதழிலும், 1934-ல் விரிவான கட்டுரையிலும் ராமன் இதை விளக்கினார். பெயர் தெரியாத கைவினைஞர்கள் காதை மட்டும் நம்பி அதற்கு வெகு காலம் முன்பே கண்டிருந்த விடை இது.

மேல்நாட்டு வாத்தியம் ஒன்றோடு ஒப்பிட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். 1920-களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கொடிகட்டிப் பறந்தது பாஞ்சோ உகுலேலே. சிறிய வட்டப் பறை மீது நான்கு தந்திகள். அதிலும் கன்றுத்தோல்தான்; மழைக்காலத்தில் தளரும், வெயிலில் விறைக்கும். ஆனால் இரும்பு வளையமும் சுற்றிலும் கொக்கிகளும் திருகுகளும் உண்டு. ஒரு திருகு, பிறகு அதன் எதிர்த்திருகு என்று கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினால் தோல் சமமாக இறுகும். தந்தியைத் தாங்கும் குதிரையை ஒட்டுவதில்லை. பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் நடுவில் அமையும்படி நகர்த்தி வைத்தால் சுருதி சேர்ந்துவிடும். பொறுமையும் ஒரு ஸ்பானரும் இருந்தால் வீட்டிலேயே செய்துவிடலாம். அங்கே சுரம் தருவது தந்தி. தோல் அதைப் பெருக்கிக் கொடுத்தால் போதும். மிருதங்கத்தில் தோலே சுரம் தரவேண்டும்.

திருகு இங்கேயும் வந்துவிட்டது. வாருக்குப் பதில் நட்டும் போல்ட்டும் வைத்த மிருதங்கங்கள் இப்போது சகஜம். பின்னலைக் கல்லாலும் கட்டையாலும் தட்டிச் சுருதி சேர்க்கும் சிரமம் குறைகிறது; வெளியூர்ப் பயணத்துக்குச் சௌகரியம். செயற்கைத் தோல் போட்ட மிருதங்கமும் பெங்களூரில் உருவாகியிருக்கிறது. பாஞ்சோக்காரர்கள் 1950-களின் இறுதியிலிருந்தே பிளாஸ்டிக் தோலுக்கு மாறத் தொடங்கினார்கள். அதே வேகத்தில் மிருதங்கம் மாறாததற்குக் காரணம் பழமைப் பற்று மட்டுமல்ல. போல்ட் இழுவையைச் சமாளிக்கும்; சாதம் வைக்க அதற்குத் தெரியாது.

சாதம் வைக்கத் தெரிந்தவர்களுக்கோ கவலைகள் பல. தோல் அவர்கள் கையில் இல்லாத சரக்கு. 2017 மே மாதம் மத்திய அரசு சந்தைகளில் இறைச்சிக்காக மாடு விற்பதற்குத் தடை கொண்டுவந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை நிறுத்தி வைத்தது. அந்தத் தடையுத்தரவை ஜூலையில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் விரித்தது. ஆனாலும் டெல்லியில் போடும் ஒரு கையெழுத்து கச்சேரி மேடையின் நாதத்தைத் தொடும் என்பது அப்போது விளங்கியது. தோலைப் பதப்படுத்தும் வேலையின் நாற்றமும், அதைச் செய்பவர்கள் மீது சமூகம் குத்திய முத்திரையும் சேர்ந்து, அடுத்த தலைமுறையை வேறு வேலை தேட வைக்கின்றன.

பாலக்காடு என்றதும் நினைவுக்கு வருபவர் மணி ஐயர் (1912–1981). சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதை 1966-ல் பெற்ற அவர், அந்தக் கௌரவத்தை அடைந்த முதல் மிருதங்க வித்வான். அவர் கேட்ட நாதத்தைத் தோலில் தேடிக் கொடுத்தவர்களில் ஒருவர் தஞ்சாவூர்ப் பர்லாந்து. ரசிகர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? டி.எம். கிருஷ்ணா 2020-ல் எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூல்தான் இத்தகைய பெயர்களைப் பொது வெளிக்குக் கொண்டுவந்தது. அதன் வெளியீட்டு விழாவுக்கு முதலில் இடம் தந்த கலாக்ஷேத்ரா, கடைசி நேரத்தில் அனுமதியை ரத்து செய்தது. மாட்டுத்தோல் பற்றிய பேச்சு மேடைக்கு இன்னும் சங்கடமாகவே இருக்கிறது.

நூறாண்டு கண்ட பாஞ்சோவைத் திருப்பிப் பார்த்தால் கழுத்திலோ வளையத்திலோ அதைச் செய்தவர் பெயர் பெரும்பாலும் பொறித்திருக்கும். மிருதங்கக் கட்டையில் அப்படிப் பெயர் பொறிக்கும் வழக்கம் இல்லை. தோல் புதிதாகும்போதெல்லாம் அந்தக் கையும் மறைந்துபோகிறது. அடுத்த முறை மூட்டு மாற்றக் கொடுப்பவர்கள் கூலியோடு ஒரு கேள்வியையும் கொடுக்கலாம்: 'உங்கள் பெயரைக் கட்டையில் எழுதித் தருவீர்களா?' அதற்குச் செலவு ஒன்றும் ஆகாது.